கணக்கில் தெரியாத பிடித்தமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கிக் கிளையில் கவுண்டருக்குப் பின்னால் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும், தெருவில் யாருக்காவது "உங்கள் கணக்கிலிருந்து இவ்வளவு ரூபாய் பிடிக்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தால் எனக்குப் போன் வருகிறது. போன பணம் திரும்பாதவர்களின் கதையைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: நாள் கடந்து சொல்லியிருப்பார்கள், அல்லது சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்காது. அந்த இரண்டும் உங்களுக்கு நேரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்லியிருப்பதெல்லாம் இந்திய வங்கிகளுக்கும் இங்கே கொடுக்கப்பட்ட கார்டுகளுக்கும் உரியது.

பணம் எடுத்ததாக மெசேஜ் வந்திருக்கிறது. நான் எதுவும் வாங்கவில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கார்டை பிளாக் செய்யுங்கள். வங்கி ஆப்பிலேயே செய்துவிடலாம். ஆப் இல்லையென்றால் கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள். கூகுளில் "கஸ்டமர் கேர்" என்று தேடி வரும் எண்ணை மட்டும் கூப்பிடாதீர்கள். அங்கே போலி எண்களைப் போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். ஏற்கெனவே பணத்தைப் பறிகொடுத்த பதற்றத்தில் இருப்பவர் இரண்டாவது முறையும் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

பிளாக் ஆனதும் அதே அழைப்பிலேயே "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை, புகாராகப் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லி, புகார் எண்ணை வாங்குங்கள். அடுத்த அழைப்பு 1930-க்கு. நிதி மோசடிக்கென்றே உள்ள தேசிய உதவி எண் அது. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும். இடையில் எங்காவது நிற்கும்போது அதை முடக்கிவைக்கத்தான் இந்த ஏற்பாடு. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இந்த எண் கிடைக்கவில்லை என்றால் உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றப் புகார் தளத்தில் நேரடியாகப் பதியலாம்.

வந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள். மனவருத்தத்தில் அழித்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கார்டை பிளாக் செய்துவிட்டேனே, அதுவே புகார்தானே?

இல்லை. பிளாக் செய்வது இனிமேல் போகாமல் தடுப்பது. போனதைக் கேட்பது தனி வேலை.

இதை என் அனுபவத்திலேயே கற்றுக்கொண்டேன். ஓய்வு பெற்ற புதிதில் என் கார்டிலிருந்து வெளிநாட்டுத் தளம் ஒன்றுக்கு 4,300 ரூபாய் போனது. ராத்திரியே போன் செய்தேன். எதிர்முனையில் இருந்த பெண் மிகவும் தன்மையாகப் பேசினார், கார்டை பிளாக் செய்தார், "கவலைப்படாதீங்க சார்" என்றார். நானும் வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்துக் கேட்டபோது, பிளாக் செய்ததற்குப் பதிவு இருந்தது, புகாருக்குப் பதிவு இல்லை. இத்தனை வருடம் வங்கியில் இருந்த நானே எண் கேட்காமல் விட்டிருந்தேன். அழைப்பு நேரம் என் போனில் இருந்ததால், அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள் என்று எழுத்தில் வற்புறுத்தித்தான் பணத்தை மீட்க முடிந்தது.

அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். புகார் எண் இல்லாத அழைப்பு, அழைப்பே இல்லை. எண், தேதி, மணி, பேசியவர் பெயர் நான்கையும் ஒரு தாளில் குறியுங்கள். மறுநாள் அதே விவரத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கிளையில் கடிதமாகக் கொடுத்தால், நகலில் சீலும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

"மூன்று நாளுக்குள் சொல்ல வேண்டும்" என்கிறார்களே, அந்தக் கணக்கு எப்படி?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் உள்ள விஷயம் இது. நம் பணத்துக்கு இருக்கும் மிகப் பெரிய கவசம் இதுதான், ஆனால் கிளைகளில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

தவறு வங்கியின் பக்கம் என்றால், நீங்கள் எப்போது சொன்னாலும், சொல்லாவிட்டாலும்கூட, இழப்பு வங்கியுடையது. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் எங்கோ கார்டு விவரம் திருடுபோயிருக்கிறது என்றால், வங்கியின் மெசேஜ் வந்ததிலிருந்து 3 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட இழப்பில்லை.

வேலை நாள் என்றால் உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாள். மெசேஜ் வந்த நாள் கணக்கில் வராது. வியாழன் இரவு 11 மணிக்கு மெசேஜ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி முதல் நாள். மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. ஞாயிறும் போயிற்று. திங்கள் இரண்டாவது நாள், செவ்வாய் மூன்றாவது நாள். ஆக, செவ்வாய் வரை நேரம் இருக்கிறது. அதற்காகச் செவ்வாய் வரை காத்திருக்க வேண்டாம். கிளை மூடியிருந்தாலும் போன், ஆப், மின்னஞ்சல் வழியாகப் புகாரைப் பதிய முடியும்.

நான்காவது நாளிலிருந்து ஏழாவது வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பில் ஒரு பங்கு உங்களுடையது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அதிகபட்சம், ஜன்தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் 5,000 ரூபாய். மற்ற சேமிப்புக் கணக்குகளிலும் 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுகளிலும் 10,000 ரூபாய். அதற்கு மேல் வரம்புள்ள கார்டுகளில் 25,000 ரூபாய். ஏழு நாளைத் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கை எப்படியோ அப்படி.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 10,000 என்பது உச்சவரம்பு. போன தொகையே 8,000 ரூபாய் என்றால், ஐந்தாவது நாள் சொல்பவருக்கு அந்த 8,000-மும் போனதுதான். சின்னத் தொகைதானே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுபவர்கள்தான் முழுதாக இழக்கிறார்கள்.

புகார் கொடுத்த பிறகு பணம் எப்போது வரும்?

நீங்கள் தெரிவித்த நாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள், போன தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். காப்பீட்டுப் பணம் வரட்டும், விசாரணை முடியட்டும் என்று வங்கி காத்திருக்கக் கூடாது. முழு விசாரணையும் 90 நாளுக்குள் முடிய வேண்டும். தற்காலிக வரவு என்பதால், முடிவு உங்களுக்கு எதிராக வந்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதுவரை அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது.

நானே ஓடிபி சொல்லிவிட்டேன். இனி எதுவும் செய்ய முடியாதா?

முடியும், உடனே கூப்பிடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில்கூடச் சொல்லாமல் இருக்காதீர்கள். ஓடிபி, பின் போன்றவற்றை நீங்களே சொல்லிவிட்டால், வங்கியிடம் தெரிவிக்கும் நேரம் வரை ஆகும் இழப்பு உங்களுடையது. தெரிவித்த நொடிக்குப் பிறகு நடப்பது வங்கியுடையது. மோசடிக்காரர்கள் ஒரே தடவையில் நிறுத்துவதில்லை. பத்து நிமிட இடைவெளியில் மூன்று நான்கு முறை எடுப்பார்கள். முதல் மெசேஜைப் பார்த்ததுமே கூப்பிட்டவருக்கும், நாலும் வந்த பிறகு கூப்பிட்டவருக்கும் உள்ள வித்தியாசம் பெரிய தொகை. 1930-க்கும் சொல்லுங்கள், பணம் முடங்கினால் மீட்க வழி உண்டு.

நான் ஓடிபி யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வங்கி "ஓடிபி போட்டுத்தான் நடந்திருக்கிறது, நாங்கள் பொறுப்பில்லை" என்கிறது.

அந்த ஒரு வரியோடு திரும்பி வந்துவிடாதீர்கள். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்கு உரியது என்று அதே 2017 சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. ஓடிபி பயன்பட்டது என்பதால் மட்டும் அதைச் சொன்னது நீங்கள்தான் என்று ஆகிவிடாது. உங்கள் எண்ணுக்கு யாரோ புது சிம் வாங்கியிருக்கலாம். அப்படி நடந்தால் உங்கள் போனில் திடீரென்று சிக்னல் போயிருக்கும். சிக்னல் போன நேரம் நினைவிருந்தால் எழுதுங்கள், தொலைபேசி நிறுவனத்திடம் சிம் மாற்றிய விவரத்தையும் கேளுங்கள். போனில் ஏதாவது ஒரு ஆப்பை யாரோ சொல்லிப் பதிவிறக்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வங்கியிடம் எழுத்தில் இப்படிக் கேளுங்கள்: ஓடிபி எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்குப் போனது? எந்தக் கருவியிலிருந்து உள்ளே நுழைந்தார்கள்? பணம் யார் கணக்குக்குப் போனது? எல்லாவற்றுக்கும் பதில் தராவிட்டாலும், கேட்ட கேள்வி கோப்பில் இருக்கும். மேல்முறையீட்டில் அது பேசும்.

வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்பதே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கார்டு எண்ணும் பின்னால் உள்ள மூன்று எண்ணும் போதும். வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் அணைத்துவைக்கும் வசதி 2020 அக்டோபரிலிருந்து எல்லா வங்கியிலும் இருக்கிறது. தேவைப்படும் நாளில் மட்டும் திறந்தால் போதும்.

ஸ்டேட்மென்ட்டில் கேள்விப்படாத ஒரு கம்பெனி பெயர் இருக்கிறது. அது மோசடிதானா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடையின் பலகையில் ஒரு பெயர் இருக்கும், பதிவில் வேறு பெயர் இருக்கும், ஸ்டேட்மென்ட்டில் வருவது பதிவுப் பெயர். ஒரு நண்பர் கிட்டத்தட்டப் போலீஸுக்கே போய்விட்டார். தொகையையும் நேரத்தையும் வைத்துப் பார்த்தால் அது குடும்பத்தோடு சாப்பிட்ட ஓட்டல்; முதலாளியின் பேரில் இருந்த நிறுவனத்தின் பெயர் வந்திருந்தது. புகார் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் வீட்டில் விசாரியுங்கள்: பிள்ளைகள் விளையாட்டில் ஏதாவது வாங்கினார்களா? ஒரு மாதம் இலவசம் என்று எப்போதோ சேர்ந்தீர்களா? பெட்ரோல் பங்க்கில் கிரெடிட் கார்டு தேய்த்தால் வழக்கமாக 1 சதவீதம் கூடுதலாகவும் அதற்கு ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். பல கார்டுகளில் அந்த 1 சதவீதம் பிறகு வரவாகும், ஜிஎஸ்டி வராது.

ஐந்து நிமிடம்தான். அதற்குள் விடை தெரியவில்லை என்றால் புகாரைப் பதிந்துவிட்டுத் தேடுங்கள்.

அம்மாவின் பாஸ்புக்கில் 436 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். 20 ரூபாயும் போயிருக்கிறது. என்ன இது?

ஜூன் மாதம் பாஸ்புக் என்ட்ரி போட்டுக்கொண்டு வந்து எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று எண்ணவே முடியாது. 436 ரூபாய் பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டின் ஆண்டுப் பிரீமியம். 20 ரூபாய் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரை என்பதால் மே கடைசியில் பிடிப்பார்கள். இரண்டிலும் 2 லட்சம் ரூபாய் காப்பீடு. சேர்ந்திருந்தால் நல்லதுதான், நான் நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் அம்மா கையெழுத்தோ கைநாட்டோ வைக்காமலே சேர்த்திருந்தால், சம்மதப் படிவத்தின் நகலைக் காட்டச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. காட்ட முடியாவிட்டால் திருப்பித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வேண்டாம் என்றால் அடுத்த மே மாதத்துக்கு முன்பே கிளையில் கடிதம் கொடுத்து நிறுத்தலாம்.

மினிமம் பேலன்ஸ் இல்லை என்று பிடித்திருந்தால் மூன்று விஷயம் பாருங்கள். இருப்பு குறைந்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிவித்து ஒரு மாத அவகாசம் தந்தார்களா? அபராதம் குறைந்த தொகைக்கு ஏற்ற அளவில்தான் இருக்கிறதா? இந்த அபராதத்தாலேயே கணக்கு மைனஸுக்குப் போயிருக்கிறதா? கடைசியாகச் சொன்னது நடக்கவே கூடாது. ஜன்தன் போன்ற அடிப்படைக் கணக்கில் மினிமம் பேலன்ஸே கிடையாது. முதியோர் பென்ஷன், நூறு நாள் வேலைக் கூலி வரும் கணக்காக இருந்தால், அதை அடிப்படைக் கணக்காக மாற்றித் தரச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தாலே பல பிடித்தங்கள் நின்றுவிடும்.

ஏடிஎம்மில் பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது.

ரிசீப்ட்டை, இல்லையென்றால் திரையின் படத்தை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த 5 நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பி வரவு வைக்க வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நீங்கள் கேட்காமலே. 2019 அக்டோபர் 15 முதல் இதுதான் விதி. 10-ஆம் தேதி சிக்கிய பணம் 24-ஆம் தேதி வந்தால், 15-ஐத் தாண்டிய 9 நாளுக்கு 900 ரூபாய் சேர்ந்து வர வேண்டும். வராவிட்டால் கேளுங்கள். அது சலுகை இல்லை, உங்களுக்குச் சேர வேண்டியது.

கடையில் யுபிஐ அல்லது கார்டில் கொடுத்து, உங்களுக்குக் கழிந்து, கடைக்காரருக்குச் சேரவில்லை என்றாலும் இதே 5 நாள், இதே 100 ரூபாய். ஆளுக்கு ஆள் அனுப்பும் யுபிஐயில் மறுநாளே திரும்ப வேண்டும்.

யுபிஐயில் தெரியாமல் வேறு ஒருவருக்கு அனுப்பிவிட்டேன்.

உடனே ஆப்பிலும் வங்கியிலும், 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணோடு புகார் கொடுங்கள். ஆனால் நீங்களே பின் போட்டு அனுப்பியது என்பதால், பெற்றவரின் சம்மதம் இல்லாமல் வங்கி எடுத்துத் தர முடியாது.

ஆன்லைனில் வாங்கிய பொருள் வரவில்லை. கடைக்காரர் போனையே எடுப்பதில்லை. கார்டு வழியாகப் பணத்தைத் திரும்ப வாங்கலாமா?

வாங்கலாம். இதற்குப் பெயர் சார்ஜ்பேக். பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. விசா, மாஸ்டர்கார்டு, ரூபே மூன்றிலும் உண்டு. நீங்கள் உங்கள் வங்கியிடம் டிஸ்ப்யூட் ஃபார்ம் கொடுக்கிறீர்கள். உங்கள் வங்கி கார்டு நிறுவனம் வழியாகக் கடைக்காரரின் வங்கியைக் கேட்கிறது. கடைக்காரர் பொருளைக் கொடுத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பணம் உங்களுக்குத் திரும்பும்.

பொருளே வராதது, சொன்னது ஒன்று வந்தது ஒன்று, ரத்து செய்த பிறகும் பணம் தராதது, ஒரே பில்லுக்கு இரண்டு முறை தேய்த்தது எல்லாம் இதில் அடங்கும். பிடிக்கவில்லை, விலை அதிகம் என்பவை அடங்காது.

முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். போனில் பேசியது உதவாது. மின்னஞ்சல் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் கேளுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆர்டர் செய்த பக்கம், எப்போது வரும் என்று அவர்கள் சொன்ன தேதி, ரத்து செய்ததற்கான ஒப்புதல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். "அடுத்த வாரம் அனுப்புகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள்" என்று கடைக்காரர் கெஞ்சினால் பணம் கைக்கு வரும் வரை வாபஸ் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் பெரும்பாலும் மறுபடி தொடங்க முடியாது.

விசா, மாஸ்டர்கார்டில் இத்தகைய புகார்கள் பெரும்பாலானவற்றுக்கு 120 நாள் வரம்பு. உங்கள் வங்கி அதைவிடக் குறைவாக வைத்திருக்கலாம், ஆகவே ஸ்டேட்மென்ட் வந்த மாதமே கொடுத்துவிடுங்கள்.

தகராறில் இருக்கும் தொகையைச் சேர்த்து கிரெடிட் கார்டு பில் வந்திருக்கிறது. கட்ட வேண்டுமா?

மோசடி என்று நீங்கள் புகார் கொடுத்த தொகைக்கு, அது தீரும் வரை வட்டியோ கட்டணமோ போடக் கூடாது என்று 2022 ஏப்ரலில் வந்த ரிசர்வ் வங்கியின் கார்டு வழிமுறைகள் சொல்கின்றன. அந்தத் தொகையைத் தள்ளிவைத்து மீதி முழுவதையும் கெடு தேதிக்குள் கட்டுங்கள். பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை (மினிமம் டியூ) மட்டும் கட்டி நிறுத்தினால், மற்ற செலவுகளுக்கெல்லாம் வாங்கிய நாளிலிருந்து வட்டி ஏறிவிடும். கோபத்தில் பில்லையே கட்டாமல் விட்டவர்கள் இப்படித்தான் சிக்குகிறார்கள்.

கடைக்காரரோடு தகராறு என்றால் என் ஆலோசனை வேறு: முழுதும் கட்டிவிடுங்கள், ஜெயித்தால் வரவாகும். புகார் நிலுவையில் இருக்கும்போது அதைக் கடன் தவறியதாக, நம் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் சிபில் போன்ற நிறுவனங்களுக்கு வங்கி தெரிவிக்கக் கூடாது. தெரிவிக்கும் முன் 7 நாள் நோட்டீஸும் தர வேண்டும். பில் தவறு என்று எழுதினால் 30 நாளுக்குள் ஆதாரத்தோடு விளக்கம் தர வேண்டும்.

கேட்காமலே கார்டு அனுப்பி, ஆண்டுக் கட்டணமும் போட்டுவிட்டார்கள்.

கட்டணத்தை ரத்து செய்வதோடு, அதைப்போல் இரண்டு மடங்கை உங்களுக்கு அபராதமாகத் தர வேண்டும். அதே 2022 வழிமுறைகளைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

புகாரில் என்ன எழுதுவது? எனக்கு ஆங்கிலம் வராது.

தமிழிலேயே எழுதுங்கள். இதை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்:

"எனது சேமிப்புக் கணக்கில், 14-ஆம் தேதி இரவு 11.07 மணிக்கு 7,499 ரூபாய் பிடிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. இதை நான் செய்யவில்லை, யாருக்கும் அனுமதி தரவில்லை. ஓடிபி, பின் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. கார்டு என்னிடமே இருந்தது. 11.19 மணிக்குத் தொலைபேசியில் தெரிவித்துக் கார்டை முடக்கினேன். 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி இத்தொகையை 10 வேலை நாட்களுக்குள் வரவு வைக்கவும். இப்புகாரைப் பெற்றதற்கு ஒப்புதல் தரவும்."

கீழே கணக்கின் கடைசி நான்கு எண்களும் புகார் எண்ணும் போடுங்கள். குறுஞ்செய்தியின் படத்தை இணையுங்கள். உண்மையில்லாத வரியை மட்டும் நீக்கிவிடுங்கள். ஓடிபி சொல்லியிருந்தால் சொன்னேன் என்றே எழுதுங்கள். பின்னால் தெரியவரும் ஒரு பொய், மற்ற உண்மைகளையும் சாய்த்துவிடும்.

வங்கி பதிலே சொல்லவில்லை. அல்லது "தீர்ந்தது" என்று மூடிவிட்டார்கள். அடுத்து?

புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். முதலில் வங்கியிடம் எழுத்தில் கொடுத்திருப்பது கட்டாயம். அந்தச் சீல் போட்ட நகல் இங்கேதான் உதவும். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் புகார் தளத்தில் பதியலாம், தபாலிலும் அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஒரே விஷயத்தை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். குறைதீர்ப்பாளர் தள்ளிவிடுவார்.

அப்பாவிடம் கார்டும் இல்லை, ஸ்மார்ட்போனும் இல்லை. ஆனாலும் பணம் போயிருக்கிறது.

பாஸ்புக்கில் அந்த வரியைப் பாருங்கள். ஆதார் வழியாகக் கைரேகை வைத்து எடுத்ததாக இருந்தால், யாரோ அவருடைய ரேகையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதற்கும் 3 நாள் விதி பொருந்தும். 1930-க்கும் சொல்ல வேண்டும். மெசேஜ் வராத கணக்கு என்றால், மொபைல் எண் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று அன்றே கிளையில் கேளுங்கள். மகன் மகளின் பழைய, நின்றுபோன எண் அதில் கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறகு ஆதார் ஆப்பில் அவருடைய கைரேகையைப் பூட்டிவையுங்கள். ரேஷன் கடையிலோ பென்ஷன் சான்றுக்கோ தேவைப்படும்போது சிறிது நேரம் திறந்துகொள்ளலாம்.